உச்சிக்கு இருபது தப்படி

என் சொந்தக் கார் ஓடுகிற ரேஸை வேலிக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டுப் பார்க்க வேண்டிய கதி எனக்கு ஏன் வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஈஸ்டருக்கு, கார்களுக்குப் பெட்ரோல் ஊற்றிச் சக்கரம் மாற்றும் பிட்டில், கையில் அட்டையும் பேனாவுமாக வந்த ஓர் அதிகாரி என் பெட்ரோல் குழாயின் நீளத்தை மூன்றாவது முறையாக அளந்தார். அந்த அட்டையை அவர் எங்கே செருகிக்கொள்ளலாம் என்று நான் விளக்கமாகச் சொன்னேன். ஒரு வருடத் தடை. அடுத்த ஈஸ்டர் ரேஸ் முடியும் வரை பிட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

கார் என்னுடையது. ஓட்டுவது என் மனைவி நெரிடாவும் அவள் தம்பி ட்ரெவரும், மாற்றி மாற்றி. ஆறு மணி நேரம் இந்த மலையை ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓட்ட வேண்டும். நெரிடா எட்டு வருடமாக ஓட்டுகிறாள். ஒரு தடவைகூட ரேஸை முடித்ததில்லை. ஜெயிக்கும் ஆசையெல்லாம் அவளுக்குக் கிடையாது. முடித்தவர்கள் என்று சாயங்காலம் ஒரு தாளில் அச்சடித்து ஒட்டுவார்கள். கடைசிப் பெயராக இருந்தாலும் பரவாயில்லை, அந்தத் தாளில் தன் பெயர் வர வேண்டும். வேறு எதுவும் அவள் கேட்டதில்லை.

எட்டு தடவையும் கார் நின்றதற்கு அவள் காரணமில்லை. நான் பூட்டிய ஏதாவது ஒன்றுதான் காரணம். ஒரு வருடம் கிளட்ச். ஒரு வருடம் ரேடியேட்டர் குழாய். இரண்டு வருடத்துக்கு முன்பு செங்குத்து இறக்கத்தில் வரும்போது டாங்கில் மிச்சமிருந்த பெட்ரோலெல்லாம் முன்பக்கம் ஓடிவிட்டது. பின்பக்கம் இருந்த உறிஞ்சுகுழாய் வெறும் காற்றைக் குடித்தது, இன்ஜின் அணைந்தது. அதற்குப் பிறகு அந்தக் குழாயை நானே டாங்கின் முன்பக்கத்துக்கு மாற்றிவைத்தேன். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. எட்டு வருடத்தில் ஒரு தடவையாவது அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையுறையைக் கழற்றி ஹெல்மெட்டுக்குள் போட்டுவிட்டு, "சரி, வீட்டுக்குப் போலாம்" என்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

ஆக இந்த வருடம் நான் மலை மேலே. பக்கத்துக் கூடாரத்தில் பாஸ்கோ. இருபது வருடமாக எனக்கு அவனைத் தெரியும், இருபது வருடமும் தகராறுதான். அவன் சிங்கக் கொடிக் கட்சி, நான் நீலக் கொடிக் கட்சி. எந்தக் கம்பெனி கார் உசத்தி என்று இந்த ஊரில் கல்யாணங்கள்கூட நின்று போயிருக்கின்றன. சிங்கக் கம்பெனி கார் செய்வதையே நிறுத்திவிட்டது, பாஸ்கோ மட்டும் கொடியை இறக்கவில்லை. போதாக்குறைக்கு அவன் மச்சினன் பதினாலாம் நம்பர் காரில், எங்கள் பிரிவிலேயே ஓட்டிக்கொண்டிருந்தான். அதுவும் சிங்கக் கார்.

காலையிலிருந்தே எதுவும் சரியாக நடக்கவில்லை. ரேஸ் தொடங்கி அரை மணியில் ஒரு கங்காரு பாதைக்கு நடுவே வந்து நின்று காதைச் சொறிந்துகொண்டது. அது போகிற வரைக்கும் எல்லாரும் ஊர்ந்தார்கள். பிறகு எங்கள் காரில் ஒரு சக்கர பேரிங் போய், மாற்ற நாற்பது நிமிடம். கீழே அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் நான் மேலே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆயிரக்கணக்கான பேர் மலை மேல் உட்கார்ந்து ஒரே நேரத்தில் போன் போட்டால் யாருக்குத்தான் லைன் கிடைக்கும்? ரேடியோவில் வர்ணனை சொல்கிறவரோ முன்னால் ஓடும் நாலு பணக்காரக் கார்களைத் தவிர உலகத்தில் வேறு கார் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பாஸ்கோ வேறு சும்மா இருக்கவில்லை. ரொட்டியில் சாசேஜை மடித்து என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னான்.

"பொண்டாட்டி காரோட்டுறா, புருஷன் இங்க உக்காந்து சாசேஜ் திங்கிறான். நல்ல குடும்பம்டா லாய்ட்."

வாங்கித் தின்றேன். பசி.

மூன்றே முக்காலுக்குப் போன் கிடைத்தது. பேசியது ட்ரெவர். கார் நன்றாக ஓடுகிறது, முடித்தவர் தாளில் பெயர் வர வேண்டிய சுற்றுக் கணக்கும் போதுமான அளவு இருக்கிறது, நெரிடாதான் கடைசி வரை ஓட்டுகிறாள் என்றான். ஒரே ஒரு விஷயம், பெட்ரோல் கொஞ்சம் குறைச்சலாக இருக்கும்போல, அஞ்சு லிட்டர் ஊற்றிக்கொள்ளட்டுமா என்று நெரிடா ரேடியோவில் கேட்கிறாளாம். மனக்கணக்குப் போட்டேன். ரேஸ் முடியும்போது எட்டு லிட்டர் மிச்சமிருக்கும், தாராளம். பிட்டுக்குள் வந்து போனால் ஒன்றரை நிமிடம் போகும்.

இந்த இடத்தில் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த ஒன்றரை நிமிடம் போனாலும் ரேஸை முடித்திருக்கலாம். தாராளமாக முடித்திருக்கலாம். ஆனால் காலையில் தானும் பழுதாகி எங்களுக்குச் சற்றே பின்னால் வந்துகொண்டிருந்த பதினாலாம் நம்பர் எங்களைத் தாண்டிப் போயிருக்கும். பாஸ்கோ என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்திருப்பான்.

"ஊத்தாதே" என்றேன். "நான் கணக்குப் போட்டுட்டேன். உள்ள கூப்பிடாதே."

"நெரிடா கேக்குறாளே."

"போதும்னு நான் சொன்னேன்னு சொல்லு."

அதோடு லைன் போய்விட்டது.

நாலரைக்கு ரேஸ் முடிய வேண்டும். நாலு இருபத்திநாலுக்கு, எங்கள் கண்ணுக்கு முன்னால், ஏற்றத்தில் வந்துகொண்டிருந்த எங்கள் கார் இருமியது. ஒரு தடவை. இரண்டு தடவை. பிறகு சத்தமே இல்லாமல் ஓரப் புல்லில் ஏறி நின்றது.

எனக்கும் காருக்கும் நடுவே ஒரு கம்பி வேலி, ஒரு சிமெண்ட் சுவர். காரிலிருந்து மலை உச்சிக்கு இருபது தப்படி இருக்கும். உச்சியைத் தாண்டினால் மூன்று கிலோமீட்டரும் இறக்கம்தான், கடைசியில் கோடு.

அருகே கொடி காட்டும் மேடையில் ரோஸ்லின் என்று ஓர் அம்மாள். ரிட்டயர்டு தபால்காரி. மஞ்சள் கொடியை எடுத்து ஆட்டியபடியே, வேலியில் தொங்கிக்கொண்டிருந்த எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்.

"வண்டியில இருக்கிற சாமானை வச்சு அவங்க என்ன வேணா செஞ்சுக்கலாம். வேற யாராவது தொட்டாலோ, ஒரு ஸ்பானரை நீட்டினாலோ அவங்க அவுட். வாயால சொல்லலாம். வாய்க்கு ரூல் இல்ல."

வாய்க்கு ரூல் இல்லை என்று இந்த மலையில் சொன்னது பெரிய தப்பு. இங்கே கூடாரம் போட்டிருக்கும் ஒவ்வொருவனும் மெக்கானிக். முந்நூறு பேர் ஒரே நேரத்தில் வைத்தியம் சொன்னார்கள். ஃபியூஸ் என்றான் ஒருவன். காயில் என்றான் இன்னொருவன். டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு கிழவர் கத்தினார், இந்தக் காரில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. நெரிடா இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி, காதுக்குள் வைத்திருந்த ரப்பரை எடுத்துவிட்டு, அத்தனை முகங்களுக்கு நடுவே என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். நான் சொல்வதைச் செய்யத் தயாராக நின்றாள்.

எனக்கோ சந்தேகமே இல்லை. இருமி அணைந்தால் பெட்ரோல் பம்ப். பம்ப் புதுசு, நான் போட்டது. அப்படியானால் அதற்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேதான் போயிருக்க வேண்டும்.

"ரிலே!" என்று கத்தினேன். "ஹாரன் ரிலேயைக் கழட்டி அதுல போடு!"

கார்கள் உறுமிக்கொண்டு போகிற இரைச்சலில் மூன்று தடவை கத்திய பிறகுதான் புரிந்தது. காருக்குள் தலைகீழாகப் புகுந்து, டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். கழற்றினாள், மாற்றினாள், சாவியைத் திருப்பினாள். ஒன்றுமில்லை. பின்சீட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினாள். பம்ப் ஓடுகிறது. அப்படியானால் ஃபில்டர் அடைத்திருக்க வேண்டும். ஃபில்டரைத் தட்டச் சொன்னேன். தட்டினாள். ஒயரை அசைக்கச் சொன்னேன். அசைத்தாள். சொன்னதையெல்லாம் செய்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஐம்பது வருடம் கையில் கிரீஸோடு வளர்ந்தவன், முப்பதடி தூரத்தில் நின்றுகொண்டு, ஒரு திருகாணியைக்கூடத் தொட முடியாமல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். தொண்டையும் நிஜமாகவே கிழிந்தது. ஃபில்டர் என்று ஆரம்பித்தால் வெறும் காற்று வந்தது.

நாலரை ஆகிவிட்டது. முதல் காருக்கு முடிவுக் கொடி காட்டியாயிற்று என்று ரேடியோ சொன்னது. இனி ஐந்து நிமிடம். அதற்குள் கோட்டைத் தாண்டினால்தான் முடித்தவர் கணக்கு.

அப்போது பாஸ்கோ என் பக்கத்தில் வந்து நின்றான். காலையிலிருந்து அவன் குரலில் இருந்த கேலி இப்போது இல்லை.

"டாங்குல எவ்வளவு இருக்கும்டா?"

"எட்டு லிட்டர்" என்றேன், காற்றுக் குரலில்.

"உறிஞ்சுற குழாய் எங்க இருக்கு?"

"முன்னாடி. நான்தான் மாத்தி..."

பாஸ்கோ கையில் ஆரஞ்சு ஜூஸ் பாட்டில் இருந்தது, அடியில் நாலு விரல்கடை மிச்சம். அந்தப் பாட்டிலைப் படுக்க வைத்து, மலை ஏறுகிற மாதிரி வாயை மேலே தூக்கிக் காட்டினான். ஜூஸ் முழுவதும் அடிப்பக்கம் ஓடிப்போய் நின்றது. வாய்ப்பக்கம் சொட்டு இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரில் ஒரு பழுதும் இல்லை. பெட்ரோல் இருக்கிறது, பின்பக்கம் கிடக்கிறது. குழாய் முன்பக்கம் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது. முகம் கீழே பார்த்தால் தானாக ஓடப்போகிற காரை, நான் ஏழு நிமிடமாகக் கழற்றி மாட்ட வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கத்தப் பார்த்தேன், குரல் இல்லை. பாஸ்கோ கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கினேன். ஏற்றம் மாதிரி சாய்த்துக் காட்டினேன். பிறகு இறக்கம் மாதிரி. ஜூஸ் வாய்க்கு ஓடி, மூடி இல்லாததால் என் தலையில் ஊற்றியது. மலையே சிரித்தது. நெரிடா சிரிக்கவில்லை. ஒரு விநாடி பார்த்தாள். திரும்பி உச்சியைப் பார்த்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்து உட்கார்ந்தாள்.

அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். முதல் கியரில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு சாவியைத் திருப்பினால், இன்ஜின் ஓடாவிட்டாலும் ஸ்டார்ட்டர் மோட்டாரே காரை இழுக்கும். நத்தை வேகம்தான், ஆனால் இழுக்கும். பாட்டரியில் உயிர் இருக்கிற வரைக்கும். அந்தப் பாட்டரி, கடவுளே, எடை குறையட்டும் என்று நான் தேடிப் பிடித்துப் போட்ட குட்டிப் பாட்டரி.

ஸ்டார்ட்டர் முனகியது. கார் ஒரு தப்படி ஏறியது. இன்னொன்று. மலை மேல் இருந்தவர்கள் எண்ண ஆரம்பித்தார்கள். சிங்கக் கொடி, நீலக் கொடி எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். ஏழு. எட்டு. ஒன்பதில் முனகல் இழுபட்டது. நெரிடா பிரேக்கை மிதித்துச் சாவியை விட்டாள், பாட்டரி மூச்சு வாங்கட்டும் என்று. அவளுக்கு அவசரமே இல்லாததுபோல் இருந்தது. எனக்கு உயிர் போனது. மறுபடி திருப்பினாள். பத்து. பதினொன்று. பதினாறில் மறுபடி நின்றது. இன்னும் நாலு தப்படி. ரேடியோ நேரத்தைச் சொன்னது, நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

பாஸ்கோவால் தாங்க முடியவில்லை. நூற்றிருபது கிலோ ஆள், வேலியில் ஒரு காலைப் போட்டுவிட்டான். "ஒரு கை வச்சாப் போதும்டா, ஒரே ஒரு கை" என்று அழாத குறையாகச் சொன்னான். இந்த மலையில் ஒரு வண்டி சிக்கிக்கொண்டால் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. வாரம் முழுக்கச் சேற்றில் மாட்டிய வண்டிகளைத் தள்ளிவிட்டே பழகிய கை. அந்தக் கை காரில் பட்டால் நெரிடா அவுட். அவன் இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். காலை உதறினான், என் தாடையில் பட்டது. விடவில்லை. அவன் செய்யப் போன காரியத்தைச் செய்ய எனக்கு அவனைவிட நூறு மடங்கு ஆசை இருந்தது. அதே ஆத்திரத்தில் பெல்ட்டை இன்னும் இறுக்கினேன்.

பதினேழு. பதினெட்டு. முனகல் என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு சத்தம். பத்தொன்பதில் கார் நின்றது மாதிரித் தெரிந்தது. நிற்கவில்லை. மூக்கு மெல்லக் கீழே சாய்ந்தது. பிறகு தானாக உருண்டது. ரோஸ்லின் கொடியை ஆட்டுவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்தாள். உச்சிக்கு அந்தப் பக்கம், எங்கள் கண்ணுக்கு மறைந்த பிறகு, இன்ஜின் ஒரு தடவை இருமி, பிடித்து, உறுமியது. மலை முழுக்க ஹாரன் அடித்தார்கள். பாஸ்கோ வேலியிலிருந்து என் மேலேயே விழுந்தான்.

வர்ணனைக்காரர் அன்று முதல் தடவையாக எங்கள் கார் நம்பரைச் சொன்னார். அறுபத்திரண்டு இறக்கத்தில் வருகிறது என்றார். நேர் சாலையில் வருகிறது என்றார். கடைசி வளைவு என்றார். பிறகு, பதினோரு விநாடி என்றார். ஐந்து நிமிடம் முடிந்து பதினோரு விநாடி கழித்துக் கோட்டைத் தாண்டியிருக்கிறாள்.

ஏழு நிமிடம் ரிலே, ஃபில்டர், ஒயர். அதில் பதினோரு விநாடி.

பாஸ்கோதான் தன் வண்டியில் என்னைக் கீழே கூட்டிவந்தான். பிட் வாசல் கேட்டுக்கு வெளியே நின்றோம், உள்ளே போக எனக்குத் தடையாயிற்றே. தாள் ஒட்டிவிட்டார்கள். நான் பார்க்கப் போகவில்லை. பதினாலாம் நம்பர் முடித்தவர்களில் இருந்தது என்று யாரோ பாஸ்கோவின் முதுகில் தட்டிச் சொன்னார்கள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

நெரிடா வந்தாள். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. கையுறைகள் ஹெல்மெட்டுக்குள் கிடந்தன. சரி, வீட்டுக்குப் போலாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் தலையில் காய்ந்திருந்த ஜூஸைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ பாட்டிலக் காட்டலேன்னா நான் இன்னும் அங்கதான் நின்னுட்டிருப்பேன்" என்றாள். "கோட்டையாவது தாண்டினேன். எட்டு வருஷத்துல முதல் தடவை. எப்படித் தோணுச்சு உனக்கு?"

கண்ணில் அப்படி ஒரு நன்றி. பாஸ்கோ தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டான், அது எனக்குத் தெரிந்தது. அப்படியே விட்டிருந்தால் அதோடு போயிருக்கும்.

"அது பாஸ்கோ கண்டுபிடிச்சது" என்றேன். குரல் வரவில்லை.

"என்ன? கேக்கல."

"பாஸ்கோ!" என்று கையைக் காட்டினேன். அதோடு நிற்காமல் மிச்சத்தையும் சொன்னேன். சுற்றுக் கணக்குக்காக இல்லை, பதினாலாம் நம்பரைப் பின்னால் தள்ளத்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டாம் என்றேன் என்பதை. அதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. காற்றாகத்தான் வந்தது. மன்னிப்புக் கேட்கிற விஷயத்தைக்கூட ஒழுங்காகக் கேட்க முடியவில்லை.

நெரிடா என்னையே வெகுநேரம் பார்த்தாள். நான் எட்டு வருடமாக எதிர்பார்த்த திட்டு இப்போது வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பாஸ்கோ பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வருஷம் பெட்ரோல் உன் பொறுப்பு."

பாஸ்கோ திடுக்கிட்டுப் போனான். "நான் சிங்கக் கட்சி ஆச்சே, நெரிடா."

"இருந்துட்டுப் போ. டாங்கைப் பத்தி யோசிக்கத் தெரியுதுல்ல."

"அப்ப நான்?" என்றேன். அடுத்த வருடம் எனக்குத் தடை முடிந்திருக்கும். இந்தத் தடவை முதல் முறையிலேயே அவளுக்குக் கேட்டுவிட்டது.

"நீ மேலயே இரு" என்றாள். "பாட்டிலைத் தூக்கிக் காட்ட ஆள் வேணும்."

ஹெல்மெட்டை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தாள். நாற்காலிகள் இரண்டும் இன்னும் மலை மேலேயே கிடந்தன. அவற்றை எடுத்துவர நானும் பாஸ்கோவும் மறுபடி ஏறினோம்.